திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவள் நான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கமிருந்து வருகிறவர்களும் அவர்களைக் கூட்டிவரும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களை நேரில் பார்க்கும் இஎன்டி மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் சீக்கிரம் போய்ச் சேர இது உதவினால் போதும்.

காலையில் எழுந்ததிலிருந்து ஒரு காது அடைச்ச மாதிரி இருக்கு. சளிதானே?

பல நேரம் சளியாகவோ அழுக்காகவோதான் இருக்கும். குளத்திலோ திற்பரப்பு அருவியிலோ குளித்த மறுநாள், உள்ளே இருந்த அழுக்கு ஊறி அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அழுக்கை எடுத்ததும் சிரித்த முகமாகக் கிளம்பிவிடுவார்கள்.

ஆனால் உள்காது பாதிக்கப்பட்டவருக்கும் முதலில் தோன்றுவது இதே அடைப்புதான். 'கேட்கவில்லை' என்று அவர் சொல்வதில்லை, 'அடைச்சிருக்கு' என்றுதான் சொல்கிறார். அதனால்தான் சளி மாத்திரை, ஆவி, காதுச் சொட்டு மருந்து என்று ஒரு வாரம் வீணாகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீளமாக முனகுங்கள். அழுக்கோ சளியோ அடைத்திருந்தால், அந்தச் சத்தம் பெரும்பாலும் அடைத்த காதில்தான் கூடுதலாகக் கேட்கும். நல்ல காதின் பக்கமாகக் கேட்டால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இதையே இசைக்கவை என்னும் உலோகக் கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார். போனை அந்தக் காதில் வைத்து, பேச்சு தெளிவாக விளங்குகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் ஒரு குறிப்புதான். முடிவைச் சொல்வது, கேட்கும் திறனை அளந்து படமாக வரையும் ஆடியோகிராம் பரிசோதனை.

இதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்று எப்போது சொல்வார்கள்?

72 மணி நேரத்துக்குள், ஆடியோகிராமில் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளிலாவது (கனத்த ஒலியிலிருந்து கீச்சொலிவரை சோதிக்கும் படிகள்) கேட்கும் திறன் 30 டெசிபலோ (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) அதற்கு மேலோ குறைந்திருந்தால். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பலருக்குத் தூங்கி எழும்போது தெரியவரும்.

காரணம் என்ன? சளி பிடிச்ச பிறகுதான் வந்துச்சு.

சுமார் பத்தில் ஒன்பது பேருக்குத் திட்டவட்டமான காரணம் கிடைப்பதில்லை. வைரஸ் கிருமி, உள்காதுக்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாயில் அடைப்பு, உடலின் எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்குவது ஆகியவற்றைச் சந்தேகிக்கிறார்கள். உள்காதின் நத்தைக்கூட்டுப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய குழாய். அது அடைபட்டால் வேறு வழியாக ரத்தம் வராது.

அந்த நத்தைக்கூட்டுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுப்பவை அவைதான். மனிதருக்கு அவை செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. அதிர்ச்சியில் வேலையை நிறுத்திய செல்கள் மீளலாம். செல்கள் செத்தனவா, மயங்கிக் கிடக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே வரும் வயது, தலைசுற்றல், படத்தின் வடிவம் எல்லாமே அதைப் பக்கத்திலிருந்து ஊகிக்கும் வழிகள்தான்.

எனக்குத் திரும்பக் கேட்குமா? உண்மையைச் சொல்லுங்க.

சிகிச்சை இல்லாமலேயே ஓரளவாவது மீள்கிறவர்கள் உண்டு. ஆய்வுகளில் இந்த அளவு மூன்றில் ஒருவரிலிருந்து மூன்றில் இருவர்வரை மாறி மாறி வருகிறது. அப்படி மீள்வது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு அசைவும் இல்லையென்றால் முழுதாக மீளும் வாய்ப்பு குறைகிறது.

'மீண்டது' என்பதும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஒருவருக்குப் பழையபடி முழுதாகக் கேட்கும். இன்னொருவருக்குப் படத்தில் 20 டெசிபல் ஏறியிருக்கும், ஆனால் பேச்சு இன்னும் குழப்பமாகவே விழும். அதனால் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்க்காமல், சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்க்கும் பேச்சுப் பரிசோதனையும் செய்யச் சொல்வேன்.

நாங்கள் முதலில் பார்ப்பது, தொடக்கத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை. 40, 50 டெசிபல் அளவில் நின்றவர்களுக்கு நம்பிக்கை அதிகம். இழப்பு 90 டெசிபலைத் தாண்டியவர்களில் முழுதாக மீள்பவர்கள் குறைவு. ஆனாலும் அவர்களில் ஓரளவு மீண்டவர்கள் உண்டு. அதனால் அந்தப் படத்தைக் காட்டி 'அவ்வளவுதான்' என்று கையை விரிப்பது சரியில்லை.

ஆடியோகிராம் படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?

படத்தின் குறுக்கே 250-லிருந்து 8000 வரை அலைவரிசைகள். இடப்பக்கம் கனத்த ஒலி, வலப்பக்கம் கீச்சென்ற ஒலி. மேலிருந்து கீழே டெசிபல். கோடு மேலே இருந்தால் நல்லது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

கோடு இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் ஏறினால், கனத்த ஒலிகள்தான் போயிருக்கின்றன. இந்த வகை நன்றாக மீள்கிறது. ஒரே மட்டமாகக் கீழே கிடந்தாலோ, வலப்பக்கம் சரிந்தாலோ கடினம். கீச்சொலியைப் பிடிக்கும் செல்கள் நத்தைக்கூட்டின் அடிவாரத்தில் இருக்கின்றன. அவை எளிதில் அடிபடுபவை.

சோதனையின்போது ஒன்று நடக்கும், அதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். கெட்ட காதைச் சோதிக்கும்போது நல்ல காதில் 'சூ' என்று காற்று வீசுகிற மாதிரி ஒரு இரைச்சல் வரும். மெஷின் கெட்டுப்போனதாக நினைத்து ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள். அது வேண்டுமென்றே தருவது. பலமான ஒலி மண்டையோட்டு வழியாக நல்ல காதுக்குப் போய்விடும். நல்ல காது கேட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினால், கெட்ட காது கேட்பதாகத் தப்பாகப் பதிவாகும். அதனால் நல்ல காதை இரைச்சலால் மூடிவைக்கிறோம். அதைச் செய்யாமல் எடுத்த படத்தை நம்பி மருந்து கொடுப்பதும், கொடுக்காமல் விடுவதும் ஆபத்து. இரைச்சலைப் பொருட்படுத்தாமல், 'பீப்' சத்தம் எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் பட்டனை அழுத்துங்கள்.

காதோடு தலைசுற்றலும் வந்துச்சு. வீடே சுத்துற மாதிரி இருந்துச்சு, வாந்தியும். அது மோசமா?

கொஞ்சம் மோசமான அறிகுறிதான். கேட்கும் பகுதிக்கு ஒட்டியே உடலின் சமநிலையைக் காக்கும் பகுதி இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அடிபட்டால் பாதிப்பு பரவலானது என்று பொருள். தலைசுற்றலோடு வந்தவர்கள் மீள்வது, தலைசுற்றல் இல்லாதவர்களைவிடக் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

மனத்துக்குப் படும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றல் சில நாட்களில் அடங்கிவிடும். மூளை பழகிக்கொள்கிறது. சுற்றல் நின்றதும் 'குணமாகிவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள், காது அப்படியே கிடக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் சுற்றல் முழுதாக விடும்வரை இருட்டில் சரிவில் இறங்க வேண்டாம்.

இதோடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, நாக்குக் குழறினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ காது டாக்டரைத் தேட வேண்டாம். அது மூளையில் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கம்மாவுக்கு 68 வயசு, சுகரும் பிரஷரும் இருக்கு. வயசானவங்களுக்குத் திரும்பாதா?

60 வயதைத் தாண்டியவர்கள் மீள்வது சராசரியாகக் குறைவு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுப்பதால் அவையும் கணக்கில் வரும். மறு காதின் கேட்கும் திறனும் ஏற்கெனவே குறைந்திருந்தால் கவனம் இன்னும் தேவை.

ஆனால் சராசரி உங்கள் அம்மா இல்லை. வயதானவர்களிடம் நான் பார்க்கும் பெரிய தடை வயதே இல்லை, 'வயசானா காது கேட்காதுதான்' என்று வீட்டார் விட்டுவிடுவதுதான். முதுமையில் வரும் மந்தம் இரண்டு காதிலும் வருஷக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை போனில் பேசிய அம்மா இன்று போனை மறு காதுக்கு மாற்றினால் அது முதுமை அல்ல. கூட்டிக்கொண்டு வாங்க.

எத்தனை நாளுக்குள் வரணும்?

அன்றோ மறுநாளோ. முடியாவிட்டால் முதல் வாரத்துக்குள். சிகிச்சையை இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே உலகெங்கும் சொல்லும் அறிவுரை. 2012-இல் வெளிவந்து 2019-இல் திருத்தப்பட்ட அமெரிக்க இஎன்டி மருத்துவர்களின் வழிகாட்டலும் அப்படித்தான் சொல்கிறது. இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் காதுக்குள் போடும் ஊசியால் ஒரு முயற்சி செய்யலாம். அதற்குப் பிறகு மருந்தால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சீக்கிரம் வந்தவர்களுக்கு நல்ல பலன் என்று வரும் எண்களில், தானாகவே மீண்டிருக்கக் கூடியவர்களும் கலந்திருக்கிறார்கள். அதனால் நாளுக்கு இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படியிருந்தும் நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வயதையோ தலைசுற்றலையோ படத்தின் வடிவத்தையோ யாரும் மாற்ற முடியாது. எப்போது கிளம்புவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

இது மிகக் கஷ்டமாக இருப்பது கடலுக்குப் போகிறவர்களுக்கு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும். என்ஜின் சத்தத்தில் ஒரு காது போனதே உடனே தெரியாது. ஒருவர் சொன்னார்: கூட வேலை பார்த்தவர் இடப்பக்கம் நின்று வலையை இழுக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார், இவருக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் புரிந்ததாம். கரைக்கு வந்து, வீட்டு விசேஷத்தை முடித்துவிட்டு எங்களிடம் வரும்போது நாள் கடந்திருந்தது. கொச்சியிலோ மங்களூரிலோ படகு கரை தொட்டால் அங்கேயே ஒரு இஎன்டி மருத்துவரைப் பாருங்கள். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

எங்கே போறது? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணுமா?

இஎன்டி மருத்துவரும் கேட்கும் திறன் பரிசோதனையும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மேற்கே இருக்கிறவர்கள் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள், அதுவும் சரி. ஆனால் அங்கே பெரிய டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் பத்து நாள் கழித்துத்தான் என்றால் காத்திருக்காதீர்கள். முதல் மருந்து பக்கத்திலேயே கிடைக்கும் சாதாரண மாத்திரைதான், விலையும் குறைவு.

சீட்டு போடும்போது 'காது அடைப்பு' என்று மட்டும் சொன்னால் வரிசையில் பின்னால் போய்விடுவீர்கள். 'நேற்றிலிருந்து திடீரென ஒரு காது கேட்கவில்லை' என்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டுன்னு சொன்னாங்க. பயமா இருக்கே?

பயம் புரிகிறது. வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் வீங்கியவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இங்கே கொடுப்பது குறுகிய காலத்துக்கு. வழக்கமாக உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசலோன், அதிகபட்சம் 60 மில்லிகிராம். ஒன்றிரண்டு வாரம் கொடுத்து, மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். நடுவில் நீங்களாக நிறுத்தவோ, அரை மாத்திரையாகக் குறைக்கவோ கூடாது. மெடிக்கலில் நீங்களாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

1980-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 61 சதவீதமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதமும் மீண்டார்கள். அது சிறிய ஆய்வு. பின்னால் வந்தவை எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை. இருந்தாலும் இதைவிட நல்ல மருந்து இன்றுவரை வரவில்லை. அளவைக் கூட்டினால் பலனும் கூடுமா என்று ஜெர்மனியில் 300-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அதனால் 'அதிக டோஸ் போடச் சொல்லுங்க' என்று மருத்துவரை நெருக்க வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நாட்களில், குறிப்பாக மதியத்துக்கு மேல், சர்க்கரை எகிறும். தினமும் பார்த்து, சர்க்கரை மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். குடல்புண், கண் அழுத்தம், பழைய காசநோய் இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

காதுக்குள்ளேயே ஊசி போடுவாங்களாமே?

ஆமாம். செவிப்பறையை மரத்துப்போக வைத்து, மிக மெல்லிய ஊசியால் நடுக்காதுக்குள் ஸ்டீராய்டை விடுவார்கள். மருந்து அங்கிருந்து உள்காதுக்குக் கசியும். அந்தக் காது மேலே இருக்கும்படி அரை மணி நேரம் அளவில் படுத்திருக்க வேண்டும். பேசாமலும் எச்சில் விழுங்காமலும் இருந்தால் மருந்து தொண்டைக்கு வடியாமல் நிற்கும். கொஞ்ச நேரம் தலை சுற்றும், லேசாக வலிக்கும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாக இதையே முதலில் கொடுக்கலாம். 2011-இல் வந்த பெரிய ஆய்வில் மாத்திரையும் ஊசியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மாத்திரை பலிக்காதவர்களுக்கு அடுத்த முயற்சியும் இதுதான்.

வீட்டுல பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய் விட்டாங்க. ஆசானிடமும் போனோம்.

எண்ணெய் செவிப்பறைக்கு இப்பால் நின்றுவிடும். பாதிப்பு இருப்பது அதற்கு அப்பால், எலும்புக்குள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழ் பிடிக்கவும் வைக்கும். சோதனைக்கு வரும்போது உள்ளே எண்ணெய் இருந்தால் அதைத் துடைத்தெடுத்த பிறகுதான் பார்க்கவே முடியும்.

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்மார்மேல் இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். அடிபட்டது, சுளுக்கு என்று பலர் அவர்களிடம் குணம் கண்டிருக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். முதலில் ஆடியோகிராம் எடுத்து, மருந்தைத் தொடங்கிவிடுங்கள். கழுத்தைத் திருப்பிச் சொடுக்கும் வைத்தியம் மட்டும் இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

எம்ஆர்ஐ எதுக்கு? செலவு ஜாஸ்தி.

செவி நரம்பில் மெல்ல வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி சிலருக்கு இப்படித் திடீரெனக் காட்டிக்கொடுக்கும். நூற்றில் சிலருக்குத்தான், ஆனால் தவறவிடக் கூடாது. மருந்தில் காது மீண்டாலும் எம்ஆர்ஐ தேவைதான், கட்டி இருந்தவர்களுக்கும் மீண்டதுண்டு. மருந்து தொடங்கிய பிறகு எடுத்தாலும் போதும். ஸ்கேன் பணத்தைத் திரட்டும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள்.

உயர் அழுத்த ஆக்சிஜன் கொடுத்தால்?

அழுத்தம் கூட்டிய அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதுதான் இது. ஸ்டீராய்டோடு சேர்த்து முதல் இரண்டு வாரங்களுக்குள் கொடுத்தால் சிலருக்கு உதவலாம். அதற்கான அறை எல்லா ஊரிலும் இல்லை, பல தடவை போக வேண்டும், செலவும் உண்டு. வசதி இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அதைத் தேடி முதல் மருந்தைத் தாமதிக்காதீர்கள்.

ரத்தம் ஓட ஊசி, வைட்டமின், வைரஸ் மருந்து?

இவை கூடுதலாக உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

காதுக்குள் இரைச்சல் நிற்கவே இல்லை. தூங்க முடியலை.

நிறையப் பேருக்கு இது கூடவே வரும். காது மீண்டால் பெரும்பாலும் இதுவும் தணியும். காது மீளாவிட்டாலும் மாதங்கள் போகப் போக மூளை இதைப் பின்னுக்குத் தள்ளப் பழகும். ராத்திரி முழு நிசப்தத்தில் படுக்காமல், ஃபேனையோ ரேடியோவையோ மெதுவாக ஓடவிடுங்கள். அழுகை வருகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காது போனவர்கள் மனம் உடைவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கும் உதவி உண்டு.

மூணு மாசம் ஆச்சு, திரும்பலை. இனி என்ன?

சிகிச்சை முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், ஆறு மாதத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கும் அளவைப் பொறுத்து வழி மாறும். ஓரளவு கேட்டால் சாதாரண கருவி. சத்தம் கேட்டும் சொல் விளங்காத காதுக்கு, அந்தப் பக்கத்து ஒலியை வாங்கி நல்ல காதுக்கு அனுப்பும் கருவி இருக்கிறது. எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவியும், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்டும் சிலருக்குப் பொருந்தும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' என்னும் தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

ஒரு காதால் திசை தெரியாது. மார்த்தாண்டம் சந்திப்பில் பஸ் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. பைக் ஓட்டுகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் கெட்ட காது சுவர்ப் பக்கம் வரும்படி உட்காருங்கள். வீட்டாரிடம் 'இந்தப் பக்கம் வந்து பேசு' என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

ஒரு காது மட்டும் போனால் கிடைக்காது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்காவது இழப்பு இருக்க வேண்டும்.

மறுபடியும் வருமா? அடுத்த காதும் போயிடுமா?

இரண்டு காதும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். அப்படி நடந்தால் வேறு நோய் இருக்கிறதா என்று விரிவாகத் தேட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அடுத்த காதுக்கு வருவதில்லை. கனத்த ஒலிகள் மட்டும் போய்த் திரும்பியவர்களில் சிலருக்கு மீண்டும் மீண்டும் வந்து, மெனியர் நோயாக (தலைசுற்றலும் இரைச்சலும் காது மந்தமும் விட்டுவிட்டு வரும் உள்காது நோய்) மாறுவதுண்டு. அவர்கள் தொடர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும்.

நல்ல காதைக் காப்பாற்றுங்கள். திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், படகு என்ஜின் பக்கம் வேலை என்றால் காதுக்குக் கவசம் போடுங்கள், குச்சியோ ஹேர்பின்னோ விடாதீர்கள். காது சம்பந்தமாக இல்லாவிட்டாலும் புதிதாக ஊசியோ மாத்திரையோ எழுதினால் 'எனக்கு ஒரு காதுதான் கேட்கும்' என்று சொல்லிவிடுங்கள். காதைக் கெடுக்கக் கூடிய சில ஆன்டிபயாட்டிக் ஊசிகளுக்குப் பதில் வேறு மருந்து இருக்கும். அந்தக் காதில் அடைப்போ இரைச்சலோ புதிதாக வந்தால், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்றைக்கே கிளம்பி, பழைய ஆடியோகிராம் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.